தலைக்கட்டு

கந்தன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். அது லேசுப்பட்ட காரியமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டு முடிவுகள் எல்லாம் அடுப்படியில் தயாராகி, சோற்றோடு சேர்ந்து அவன் தட்டுக்கு வரும். அவன் பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு முடிவு அவனிடமிருந்து கிளம்பி அடுப்படிப் பக்கம் நடந்தது.

"பிரவீனா, இங்கிட்டு வா. ஒண்ணு சொல்லணும்."

"அங்கருந்தே சொல்லுங்க. கடுகு வெடிக்குது."

"கடுகு நிக்கட்டும்."

"கடுகு நிக்காதுங்க. நீங்க நில்லுங்க."

நின்றான்.

விஷயம் இதுதான். ஓசூருக்கு வெளியே போனுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு பெரிய கம்பெனியில் பிரவீனாவுக்கு வேலை கிடைத்திருந்தது. செகண்ட் ஷிஃப்ட். அவர்கள் குடியிருக்கும் மூக்கண்டப்பள்ளி ஸ்டாப்பிலேயே கம்பெனி பஸ் வந்து நிற்கும். வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். அவள் நேர்காணலுக்குப் போனது, எழுதியது, தேறியது எல்லாம் கந்தனுக்குத் தெரியும். தேறமாட்டாள் என்ற தைரியத்தில் போகச் சொன்னவனே அவன்தான்.

உண்மையைச் சொன்னால், அவனுக்குப் பயமாக இருந்தது. அவனுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். வேலை முடிந்து சைக்கிள் ஸ்டாண்டு டீக்கடையில் கூட்டாளிகளோடு ஊர்க்கதை பேசிவிட்டு, பொழுது சாய வீட்டுக்கு வந்தால், உள்ளே அவள் சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் எங்கே உட்காருவது, எதைத் தொடுவது என்றே அவனுக்குத் தெரியாது. இதைப் பெண்டாட்டியிடம் எந்த ஆம்பிளை சொல்லுவான்? ஆகவே வேறு காரணம் தேடினான். தேடியபோது கட்டிலுக்கு அடியில் மகள் தர்ஷினியின் சிலேட்டு கிடைத்தது.

தர்ஷினி ஒண்ணாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் நோட்டு, வீட்டில் எழுதிப் பழகச் சிலேட்டு. அதில் க முதல் ன வரை பதினெட்டு எழுத்து எழுதியிருந்தாள். பதினெட்டும் பதினெட்டுப் பக்கம் சாய்ந்திருந்தன.

கந்தன் சிலேட்டோடு அடுப்படி வாசலில் நின்றான்.

"இந்த எழுத்தப் பாத்தியா? இந்தப் புள்ளய இப்படி விட்டுட்டு நீ வேலைக்குப் போனா, சாயங்காலம் யாரு சொல்லிக்குடுக்கறது? புள்ளயப் பாத்துக்க ஆளு வேணாமா?"

"இத்தன நாளும் நான்தாங்க சொல்லிக்குடுத்தேன்."

"அதான் தெரியுதே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று கந்தனுக்கே உறைத்தது. கரண்டி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி கிண்டத் தொடங்கியது.

"அப்ப என்னதாங்க பண்ணலாம்?"

கந்தன் நெஞ்சை நிமிர்த்தினான். அவன் பிரேக் பார்ட்ஸ் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பெல்ட்டில் வருகிற ஒவ்வொரு பீஸையும் எடுத்து, திருப்பி, அளந்து, சரியாக இருந்தால் சாக்பீஸால் ஒரு டிக். இல்லாவிட்டால் சிவப்புத் தொட்டி. கைப்பழக்கம் எப்படி ஆகிவிட்டதென்றால், ஒருநாள் தட்டில் விழுந்த தோசையைத் திருப்பிப் பார்த்துவிட்டு விரலால் டிக் போட்டிருக்கிறான். அன்றைக்கு இரண்டாவது தோசை வரவே இல்லை.

"இன்னியிலருந்து பாப்பாவுக்கு எழுத்து என் பொறுப்பு. சாயங்காலம் டீக்கடை கெடையாது, ஒண்ணும் கெடையாது. நேரா வீடு. ஒவ்வொரு எழுத்தா நான் செக் பண்ணுவேன். சரியா இருந்தாத்தான் டிக். பதினெட்டு எழுத்துலயும் டிக் விழுந்தா சிலேட்டு பாஸ். பாஸ் ஆனா நீ தாராளமா வேலைக்குப் போ."

"பாஸ் ஆகலைன்னா?"

"பாஸ் ஆகற வரைக்கும் நான் விடமாட்டேன். வருசமானாலும் சரி, தெனம் சாயங்காலம் அவகூட உக்காருவேன். எங்க ஊரு கருப்பசாமி மேல சத்தியம்."

"இன்னொரு தடவ சொல்லுங்க. தாளிக்கற சத்தத்துல கேக்கல."

இன்னொரு தடவை சொன்னான். சத்தியத்தையும் சேர்த்துத்தான்.

"டிக்கு போட்டுட்டு அப்பறம் மாத்திப் பேசமாட்டீங்கல்ல?"

"இன்ஸ்பெக்டர் போட்ட டிக்க கடவுளே வந்தாலும் அழிக்க முடியாது. நான் ஒரு தலைக்கட்டு. பேச்சு மாறமாட்டேன்."

இந்தத் தலைக்கட்டு சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கந்தனுக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். அங்கே ஊர்ப் பொங்கலுக்கு வரி போடும்போது கல்யாணமான ஒவ்வொரு ஆண்பிள்ளையும் ஒரு தலைக்கட்டு. மைக்கில் பேர் சொல்லுவார்கள். கல்யாணமான வருசம் 'கந்தன், ஒரு தலைக்கட்டு' என்று ஒலிபெருக்கியில் கேட்டதிலிருந்து அந்த வார்த்தை அவன் வாயை விட்டு இறங்கவே இல்லை. மின்விசிறி வாங்கினாலும் தலைக்கட்டுப் பேச்சு, முருங்கைக்காய் வாங்கினாலும் தலைக்கட்டுப் பேச்சு. பிரவீனாவோ பாகலூர் பக்கம் விவசாயக் குடும்பம். பிறந்த வீட்டில் தெலுங்கு, புருசனிடம் தமிழ், காய்கறி வண்டிக்காரரிடம் கன்னடம். கோபம் வந்தால் மூன்றும்.

அன்று புதன்கிழமை. சாயங்காலமே வகுப்பு தொடங்கியது.

"குச்சிய எடு ஆத்தா."

தர்ஷினி உள்ளே ஓடிப்போய் விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவிக்கொண்டு வந்தாள்.

"இது இல்ல. எழுதுற குச்சி."

"எழுதறது பல்பம்ப்பா."

"எங்க ஊர்ல அதுக்குக் குச்சின்னுதான் பேரு."

"அப்ப உங்க ஊர்ல வெளக்கமாறு பல்பத்துல செய்வாங்களா?"

கந்தன் அந்தக் கேள்வியை நிறுத்திவைத்தான்.

"மொதல்ல ண. இதுக்கு எத்தன சுழி?"

"மூணு."

"ன?"

"ரெண்டு."

"சபாஷ்!"

"அப்ப ந-வுக்கு எத்தனப்பா?"

கந்தன் யோசித்தான். முப்பத்தைந்து வயதுவரை இந்தக் கேள்வி அவனைத் தேடி வந்ததே இல்லை.

"அதுக்குச் சுழி கெடையாது."

"ஏன்?"

"அது வேற மாடல்."

தர்ஷினி தலையாட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனாள். "இது ழ. இது ள. சொல்லிக் காட்டுங்கப்பா."

"நல்லாக் கேளு. இது ள. இது... ள."

"ரெண்டும் ஒண்ணுதான் சொல்றீங்க."

"இல்ல ஆத்தா. இதச் சொல்லும்போது நாக்கு மடங்கும். ள. பாத்தியா?"

"மடங்கலப்பா."

அடுப்படியில் யாரோ இருமினார்கள். அது இருமல்தான் என்று கந்தன் எடுத்துக்கொண்டான்.

"காதால கேக்காத, கண்ணால பாத்து எழுது" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சோதித்தான். ங-வில் வயிறு பெரிசு, ரிஜெக்ட். ஞ எந்தப் பக்கம் பார்க்கிறது என்றே தெரியவில்லை, ரிஜெக்ட். ண-வில் மூன்று சுழிக்குப் பதில் நான்கு. "கூட ஒண்ணு போட்டா நல்லதுதானப்பா?" என்றாள் தர்ஷினி. கூடினாலும் ரிஜெக்ட், குறைந்தாலும் ரிஜெக்ட் என்று விளக்கினான். கடைசியில் ட-வுக்கும் ப-வுக்கும் மட்டும் டிக் விழுந்தது. அந்த இரண்டிலும் தப்புப் பண்ண ஒன்றுமே இல்லை. மற்றதையெல்லாம் ஈரத்துணியால் துடைத்து எடுத்தான்.

கந்தனுக்கு மனசு நிறைந்துவிட்டது. இந்த வேகத்தில் போனால் பிரவீனா வேலைக்குப் போவதற்குள் அந்தக் கம்பெனியே இடம் மாறிவிடும்.

மறுநாள் வியாழக்கிழமை சாயங்காலமும் உட்கார்ந்தான். அன்றைக்குக் கம்பெனியில் உருப்படி அதிகம், உடம்பு அலுப்பு. தர்ஷினி ர எழுதி முடிப்பதற்குள் இவன் தலை சாய்ந்துவிட்டது. நெஞ்சின் மேல் சிலேட்டு, கையில் பல்பம். பிரவீனா சாப்பிட எழுப்பியபோதுதான் கண் விழித்தான்.

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து நேராக வீட்டுக்கு வந்தான். டிவிக்குப் பக்கத்தில் சிலேட்டு சாய்த்து வைத்திருந்தது. கையில் எடுத்துப் பார்த்தான்.

பதினெட்டு எழுத்து. பதினெட்டின் தலையிலும் டிக். ஒன்றுகூடப் பாக்கி இல்லை. அதே வெள்ளைப் பல்பம், எல்லாம் ஒரே அளவு.

"பிரவீனா! என்ன இது?"

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு வந்து, சிலேட்டைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். மறுபடி சிலேட்டைப் பார்த்தாள். என்னவோ யோசித்தாள்.

"தலக்கட்டுங்க" என்றாள்.

"என்னது?"

"தலக்கட்டு. எழுத்து மேல இருக்குதே, அத்தானே கேக்கறீங்க?"

கந்தன் சிலேட்டைக் கீழே வைத்தான். இந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு தலைக்கட்டு. அது அவன்தான். அப்படியானால் டிக் போட்டது அவனா? எப்போது?

"நானா?" என்றான் மெதுவாக.

"இந்த வீட்டுல டிக்கு போடறவரு வேற யாருங்க இருக்காங்க?"

அவன் மகளைக் கூப்பிட்டான். தர்ஷினி பக்கத்து வீட்டிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தாள். பள்ளி விட்டு வந்ததும் அவளுக்கு அங்கேதான் விளையாட்டு. பக்கத்து வீட்டு வெங்கடம்மாவுக்கும் ஒரு பையன், அதே வயசு.

"ஆத்தா, உண்மையச் சொல்லு. இதெல்லாம் என்ன?"

"தலக்கட்டுப்பா" என்றாள் தர்ஷினி. அம்மா சொன்ன அதே வார்த்தை. "நல்லா இருக்குதா?"

"நல்லாத்தான் இருக்கு" என்றான் கந்தன் பலவீனமாக. பொய்யில்லை. டிக்குகள் அத்தனை லட்சணமாக இருந்தன. கீழே இருந்த எழுத்துகள்தான் கோணல். ங-வுக்கு அதே வயிறு. ண-வுக்கு அதே நான்கு சுழி. இதையா பாஸ் பண்ணினேன்?

அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று தூங்கினது ஞாபகம் இருக்கிறது. கையில் பல்பம் இருந்தது ஞாபகம் இருக்கிறது. டிக் போட்டது மட்டும் ஞாபகத்தில் எந்த மூலையிலும் இல்லை. தூக்கத்தில் நடக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறான், தூக்கத்தில் டிக் போடுகிறவனை எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் கம்பெனியில், பக்கத்து மேசை மாதப்பனிடம் நைசாகக் கேட்டான்.

"ஏம்ப்பா, மனுசன் தூங்கிக்கிட்டே டிக் போட முடியுமா?"

மாதப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "நீ முழிச்சிருக்கறப்ப போடறதே பாதி தூக்கத்துலதான போடற?"

அன்று முழுக்கக் கந்தன் ஒவ்வொரு பீஸையும் இரண்டிரண்டு தடவை அளந்தான். டிக் போட்ட பிறகு, போட்டது தான்தானா என்று கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

சாயங்காலம் பிரவீனா கேட்டாள்.

"ஏங்க, சிலேட்டுல எல்லா எழுத்து மேலயும் இருக்குதுங்களே. நான் திங்கக்கெழம போலாங்களா?"

போட்ட டிக்கை அழிப்பது என்பது இன்ஸ்பெக்டர் குலத்துக்கே அவமானம்.

"நான் ஒரு தலைக்கட்டு. சொன்னது சொன்னதுதான். போ."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. அதைப் பார்த்து இவனுக்கும் ஒரு நொடி சந்தோசமாக இருந்தது. ஏன் சந்தோசம் என்று யோசித்ததில் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்கடம்மா ஒரு கிண்ணத்தில் அவரைக்கொட்டைக் குழம்பு கொண்டுவந்தாள். கந்தன் டிவிக்கு மேலே சிலேட்டைப் பரிசுக் கோப்பை மாதிரி நிறுத்திவைத்திருந்தான். அவனே போட்ட பதினெட்டு டிக் அல்லவா, வருகிறவர்கள் பார்க்கட்டும்.

வெங்கடம்மா பார்த்தாள். கிண்ணம் கையில் ஆடும்படி சிரித்தாள்.

"ஏமப்பா இதி! என்னப்பா இது! அரவ எழுத்துக்கு யாரு கந்தா தலகட்டு வெச்சது?"

அந்தப் பக்கத்துத் தெலுங்குக்காரர்களுக்குத் தமிழ் என்றால் அரவம். அது கந்தனுக்குத் தெரியும்.

"நான்தான்க்கா" என்றான் பெருமையாக. "தூக்கக் கலக்கத்துல வெச்சேன்."

"நீயா? உனக்குத் தெலுங்கு எழுத வருமா?"

"தெலுங்கா?"

"தலகட்டு தெலுங்கு எழுத்துக்குப்பா. எழுத்து தலமேல ஒரு கோடு இப்பிடி இழுப்போம்ல, டிக்கு மாதிரி. என் பையன் தெலுங்கு மீடியம் படிக்கறானே, அவன் எழுதறதப் பாத்து உன் பொண்ணும் எழுதுது. நேத்துகூட எங்க வீட்டுச் செவுரு பூரா எழுதி வெச்சிருக்குது. அரவ எழுத்துக்கும் சேத்து வெச்சிடுச்சா? கெட்டிக்கார புள்ள!"

வெங்கடம்மா போய்விட்டாள். கந்தன் சிலேட்டைப் பார்த்தபடி நின்றான். டிக் இல்லை. தலகட்டு. டிக் போட்டது தலைக்கட்டு இல்லை. டிக்கே தலகட்டு. அதாவது தலைக்கட்டு தலகட்டு போடவில்லை, தலகட்டுதான் தலைக்கட்டுக்கு... இந்த இடத்தில் வழி தவறிப்போய், முதலிலிருந்து ஆரம்பித்தான். இரண்டாவது சுற்றில் ஒரே ஒரு விஷயம் புரிந்தது. அது போதும்.

"பிரவீனா!"

இந்த முறை கடுகு, மிளகாய் எதற்கும் அவன் நிற்கவில்லை. நேராக உள்ளே போனான்.

"நீ பொய் சொல்லிட்ட!"

"எதுங்க பொய்யி?"

"தலக்கட்டுன்னு சொன்ன!"

"அது தலக்கட்டுத்தானுங்க. நீங்க என்ன இதுன்னு கேட்டீங்க, நான் பேரச் சொன்னேன். யாரு போட்டதுன்னா கேட்டீங்க? நானான்னு கேட்டதுக்கு நானும் கேள்விதானுங்க கேட்டேன்."

யோசித்துப் பார்த்தால் கேட்கவில்லை. ஆனாலும் கந்தன் விடுவதாக இல்லை.

"எப்படியோ, டிக் என்னோடது இல்ல. அதனால சிலேட்டு ரிஜெக்ட். நீ நாளைக்கி வேலைக்குப் போக முடியாது."

பிரவீனா சண்டை போடுவாள் என்று காலை அகட்டி நின்றான். அவள் தலையாட்டினாள்.

"சரிங்க. ரிஜெக்ட்டுன்னா ரிஜெக்ட்டுதான்."

இது கணக்கில் இல்லாத பதில். கந்தன் தடுமாறினான்.

"சரியா?"

"சரிங்க. பாப்பா இன்னும் பாஸ் ஆகல."

"ஆகல."

"பாஸ் ஆகற வரைக்கும் தெனம் சாயங்காலம் நேரா வீட்டுக்கு வந்து அவகூட உக்காருவேன்னு சொன்னீங்க. வருசமானாலும் சரின்னீங்க."

"ஆமா, சொன்னேன். கருப்பசாமி சத்தியம்."

"நான் ஏன் வேலைக்குப் போகக்கூடாதுன்னீங்க?"

"சாயங்காலம் புள்ளயப் பாத்துக்க ஆளில்லன்னு..."

"இப்பதான் ஆளு இருக்குதுங்களே."

"இரு, இரு" என்றான் கந்தன். "பாஸ் ஆயிட்டா?"

"பாஸ் ஆயிட்டா நான் போலாம்."

"பாஸ் ஆகலைன்னா?"

"நீங்க வீட்டுல இருப்பீங்க. அதனால நான் போலாம்."

கந்தன் ஒரு கை விரலில் பாஸையும் மறுகை விரலில் ரிஜெக்ட்டையும் பிடித்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தான். எந்த விரலை மடக்கினாலும் கம்பெனி பஸ் கிளம்பியது.

"ஏதோ தப்பு இருக்கு" என்றான்.

"இருந்தா கண்டுபுடிச்சு சொல்லுங்க. நீங்கதான இன்ஸ்பெக்டரு" என்று சொல்லிவிட்டு அவள் அவரைக்கொட்டைக் குழம்பைச் சுடவைத்தாள்.

திங்கட்கிழமை அவன் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்து ஸ்டாப்பில் நின்றான். பிரவீனா கம்பெனி கொடுத்த கோட்டு போட்டு, முடியை ஏற்றிக் கட்டியிருந்தாள். வேறு யாரோ மாதிரி இருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். அழகாக இருக்கிறாய் என்று சொல்ல நினைத்து, "தண்ணி பாட்டில் எடுத்தியா?" என்று கேட்டான். எடுத்திருந்தாள். பஸ் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அப்பனும் மகளும் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். க எழுதியதும் பசிக்கிறது என்றாள் தர்ஷினி. ங எழுதியதும் இவனுக்கும் பசித்தது. பிரவீனாவின் டீ நேரத்தில் போன் அடித்தான்.

"கொழம்புக்குப் புளி எவ்வளவு?"

"நெல்லிக்கா அளவு போடுங்க."

"பெரிய நெல்லிக்காயா, அரநெல்லிக்காயா? எவ்வளவு முன்னப் பின்ன போகலாம்?"

"கையில உருட்டிப் பாத்தா தெரியுங்க."

"எனக்குத் தெரியலயே."

"இன்னிக்குத் தெரியாது. போகப் போகத் தெரியும்."

முதல் நாள் குழம்பு கரியானது. அடுத்த நாள் தண்ணீரானது. ஒருநாள் உப்புக்குப் பதில் சோடா உப்பு விழுந்து, குழம்பு பொங்கி அடுப்பை விட்டு இறங்கி நடக்கப் பார்த்தது. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் பல்பம். சில நாள் குழம்பில் பல்பத்தை விட்டுக் கிண்டினான். அவன் குழம்பினானா, குழம்பு அவனைக் குழப்பியதா என்று சொல்வது கஷ்டம்.

ஆனாலும் கைக்கு மெல்லப் பழகியது. புளி உருண்டை கையிலேயே அளவு சொன்னது. வெங்காயம் சிவக்கும் பக்குவம் மூக்குக்குத் தெரிந்தது. பிரவீனா வேலை முடிந்து வந்து, மூடியைத் திறந்து, ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்ட அன்றைக்கு, கந்தனுக்கு ஊர் மைக்கில் பேர் சொன்ன மாதிரி இருந்தது. அவள் இல்லாத வீட்டில் எங்கே உட்காருவது என்ற பயம்கூட எப்போது போனது என்று தெரியவில்லை. உட்கார நேரம் கிடைத்தால்தானே.

தேறாதது ஒன்றே ஒன்றுதான். சிலேட்டு. தர்ஷினி எழுதுகிற எழுத்து நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே வந்தது. ங-வுக்கு வயிறு வற்றிவிட்டது. ண-வுக்குக் கணக்காக மூன்று சுழி. ஆனால் ஒவ்வொன்றின் தலையிலும் அந்தக் கோடு. துடைத்துவிட்டு எழுதச் சொன்னால் மறுபடி கோடு. கெஞ்சினான், மிட்டாய் தருகிறேன் என்றான், தலையில் கைவைத்துக்கொண்டான். கோடு போகவே இல்லை. எத்தனையோ இரும்பை ரிஜெக்ட் செய்து திருப்பி அனுப்பி வழிக்குக் கொண்டுவந்தவனுக்கு, பெற்ற பிள்ளையை வழிக்குக் கொண்டுவரத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். டீச்சர் முன்னால் கந்தன் குற்றவாளி மாதிரி நின்றான்.

"மன்னிச்சுக்கங்க டீச்சர். தெனம் உக்காந்து சொல்லிக்குடுக்கறேன். எழுத்து மேல கோடு போடறத மட்டும் நிறுத்த முடியல."

"எந்தக் கோடு?" என்றார் டீச்சர். "கையெழுத்துல உங்க பொண்ணுதான் கிளாஸ்லயே முதல். பாருங்க."

நோட்டைத் திறந்து காட்டினார். ஒரு கோடு இல்லை. எழுத்தெல்லாம் வெறுந்தலையோடு வரிசையாக நின்றுகொண்டிருந்தன. கந்தன் முன்பக்கம் திருப்பிப் பேரைப் பார்த்தான். தர்ஷினி க. என்றுதான் போட்டிருந்தது.

வீட்டுக்கு வந்தான். குழப்பத்தோடேயே புளி கரைத்தான், குழப்பத்தோடேயே தாளித்தான். குழம்பு கொதிக்கிற நேரத்தில் தர்ஷினி வழக்கம்போலச் சிலேட்டில் க எழுதி, அதன் தலையில் கவனமாக ஒரு கோட்டை இழுத்தாள்.

"ஆத்தா, ஸ்கூல்ல கோடு இல்லாமத்தான எழுதற?"

"ஆமாப்பா."

"அப்ப வீட்டுல மட்டும் ஏன் போடற?"

தர்ஷினி நிமிர்ந்து, அடுப்பிலிருந்து வந்த வாசனையை ஒரு தடவை நன்றாக இழுத்துப் பார்த்தாள்.

"அப்பா நல்லாக் கொழம்பு வெக்கக் கத்துக்கற வரைக்கும் பாஸ் ஆயிடாதன்னு அம்மா சொல்லியிருக்காங்க, இன்னும் ரசம் வேற பாக்கி இருக்குதாம்ப்பா."